புது வண்டியும் என் புகார்க் கடிதமும்

போன வருடம் சித்திரை பிறந்து நாலைந்து நாளில் எங்கள் வீட்டுக்குப் புதுக் கார் வந்தது. திருவனந்தபுரம் கோட்டைக்குள், கோயிலுக்கு மேற்கே ஓர் அக்கிரகாரத் தெருவில் எங்கள் வீடு. வீட்டோடு சேர்ந்து வண்டி நிறுத்த இடம் கிடையாது. எல்லோரையும் போல நாங்களும் தெருவோரத்தில்தான் நிறுத்த வேண்டும். மகனும் மருமகளும் சேர்ந்து வாங்கிய வண்டி. எனக்கு எழுபத்துமூன்று வயது, வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் என் முழங்கால் வலியை நினைத்து, ஏறி இறங்கச் சிரமமில்லாத உயரத்தில் இருக்கை உள்ளதாகப் பார்த்து அவர்கள் வாங்கினார்கள். அதனால் அந்த வண்டி மேல் எனக்குச் சற்று உரிமை கலந்த பெருமை இருந்தது.

நான் கல்லூரியில் முப்பத்துநான்கு வருடம் பௌதிகம் கற்பித்தவன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் நான் செய்த காரியத்தின் வெட்கக்கேடு பாதிக்குமேல் அதில்தான் இருக்கிறது. என் மனைவி இருந்தவரை வெள்ளிக்கிழமை தோறும் உப்பும் மிளகாயும் சுற்றித் திருஷ்டி கழிப்பாள். "உன் மிளகாயோட அலைநீளம் என்ன?" என்று நான் கேலி செய்வேன். மாணவர்களிடமும் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். மகன் இந்தக் கேலியைக் கேட்டே வளர்ந்தவன். அவனும் மருமகளும் இப்படிப்பட்ட விஷயங்களில் என்னைவிடக் கறார்.

வண்டி வந்த மூன்றாம் நாள் எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து, வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, "நன்னா பளபளன்னு இருக்கு ஓய்!" என்றார். மறுநாள் காலை பார்த்தால் பின்கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல். ஏதோ ஸ்கூட்டர் உரசியிருக்கும். எனக்கு அது தெரியும். ஆனாலும் அந்த வார அமாவாசையன்று, மகனும் மருமகளும் கடைக்கு நடந்து போயிருந்த நேரத்தில், ஒரு பிடி கல் உப்பையும் இரண்டு மிளகாய் வற்றலையும் சிவப்புத் துணியில் முடிந்துகொண்டு வண்டிக்குப் போனேன். ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம், முழங்கால் உயரத்தில், சில்லறை போட்டுவைக்க ஒரு சின்னத் தட்டு இருந்தது. இழுத்தால் முழுசாகக் கையோடு வந்துவிடும். பின்னால் ஒரு பொந்து. முடிச்சை அதில் செருகி, தட்டை மறுபடி பொருத்திவிட்டேன். யாருக்கும் தெரியாது. மாதா மாதம் அமாவாசைக்கு மாற்றுவது என்று மனதுக்குள் ஒரு ஏற்பாடு.

மழை நன்றாகப் பிடித்த பிறகு தொல்லை ஆரம்பித்தது. பெரிய கோளாறு எதுவும் இல்லை. வண்டி கிளம்பும், ஓடும், பிரேக் பிடிக்கும். ஆனால் எல்லாக் கதவும் சாத்தியிருக்கும்போதே கதவு திறந்திருப்பதாக மணி அடிக்கும். நல்ல வெயிலில் வைப்பர் தானாக இரண்டு வீச்சு வீசிவிட்டு நிற்கும். உள்விளக்கு அணையாது. தெருவில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தால் பூட்டு டக் டக்கென்று தானே திறந்து தானே மூடும். "உங்காத்து வண்டி யாரையோ கூப்பிடறது, போய்ப் பாருங்கோ" என்று எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகச் சொல்வார். பெரிதாகக் கெட்டுப்போனால் சண்டை போட ஒரு காரணம் கிடைக்கும். இது கல்லும் இல்லை முள்ளும் இல்லை, செருப்புக்குள் புகுந்த மணல் மாதிரி.

நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது அது உச்சத்துக்குப் போனது. மருமகள்தான் ஓட்டினாள். பாறசாலை அருகே கொட்டும் மழையில் அவள் பக்கத்துக் கண்ணாடி சர்ரென்று தானாக இறங்கியது. பொத்தானை எத்தனை அழுத்தியும் ஏறவில்லை. அவள் பட்டுப்புடவை முழுக்க நனைகிறது. பின்னால் உட்கார்ந்திருந்த நான் குடையை விரித்து அவள் தோளுக்கு மேலே ஜன்னலை மறைத்துப் பிடித்தேன். சிக்னலில் நின்றபோது மழைக்கோட்டு போட்ட ஒரு பைக்காரன் குனிந்து பார்த்து, "அம்மாவா, குட வண்டிக்ககத்தாணோ பிடிக்குன்னது?" என்று கேட்டான். மாமா, வண்டிக்குள்ளேயா குடை பிடிப்பது என்று கிழவனைக் கிண்டல் செய்கிறான். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மருமகளும் சிரித்துவிட்டாள். எனக்குத்தான் முகம் சுண்டிவிட்டது.

திருஷ்டி பலமாக விழுந்திருக்கிறது என்று அன்று முடிவு செய்தேன். அடுத்து வந்த அமாவாசையன்று, பழைய முடிச்சை எடுக்காமலே இன்னொரு பெரிய முடிச்சையும் அதன்மேல் வைத்து அழுத்தினேன். பழைய துணி விரலுக்குச் சற்று ஈரமாகத் தட்டுப்பட்டது. மழைக்காலம்தானே என்று நினைத்துக்கொண்டேன். கல் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். இழுத்து இழுத்துத் தானே கரைந்து சொட்டும். உப்புத் தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும். இதையெல்லாம் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவன் நான்.

வண்டியை விற்ற நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் நகரத்துக்கு வெளியே, கடலோரப் பக்கம் போகும் பைபாஸ் ரோட்டில் இருந்தது. மகனுக்கு லீவு கிடைக்காது, அதனால் நானும் மருமகளும்தான் போவோம். அங்கே எலக்ட்ரிகல் வேலை பார்த்தவர் நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு மெலிந்த மனிதர். நான் மருமகளிடம் பேசியதைக் கேட்டு, "சார் தமிழா?" என்று முகம் மலர்ந்து கேட்டார். அவர் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவராம். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறிய குடும்பம். எங்கள் முன்னோரும் திருநெல்வேலிதான் என்று மருமகள் சொன்னதும் சொந்தக்காரரைப் பார்த்தது போல அவருக்குச் சந்தோஷம். நான் ஒரு புன்னகையோடு நிறுத்திக்கொண்டேன். அது எந்த மாதிரிப் புன்னகை என்று எனக்குத் தெரியும். அவரும் அதைப் புரிந்துகொண்டிருப்பார்.

முதல் தடவை ஏதோ ஃப்யூஸை மாற்றிக் கொடுத்தார். ஒரு வாரம் ஒழுங்காக இருந்தது. இரண்டாம் தடவை கம்ப்யூட்டரை மாட்டிச் சோதித்து, ஒரு சின்ன பாகத்தை மாற்றினார். வேலை நடக்கும்போதே மருமகளிடம் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். தோட்டத்தின் தேயிலை ஃபாக்டரியில் மோட்டார் வேலை பார்த்திருக்கிறார். மலையில் வேலை குறைந்ததும் கீழே வந்திருக்கிறார். மலையடிவாரத்தில் விதுரா என்ற ஊரில் ஒரு அறை எடுத்துத் தங்கி, அங்கிருந்து தினமும் பஸ்ஸில் வேலைக்கு வருகிறார். மனைவியும் மகளும் இன்னும் மேலே, தோட்டத் தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

"மூணு வருஷம் டெம்பரரி முடியப் போகுது மேடம். ஓணத்துக்குப் பெர்மனென்ட் ஆக்குறோம்னு சொல்லியிருக்காங்க. ஆச்சுன்னா சிட்டியிலேயே வீடு பார்த்து ரெண்டு பேரையும் இறக்கிருவேன். மக அடுத்த வருஷம் பிளஸ் ஒன் இங்கேயே படிக்கலாம், கேட்டோ?" என்றார். மருமகள் அவருக்கு இரண்டு பள்ளிக்கூடங்களின் பெயரைச் சொன்னாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாளில் மறுபடி கண்ணாடி இறங்கியது. மூன்றாம் தடவை போனோம். அன்று அவர் உள்பக்கத்தையெல்லாம் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று சொல்லி எங்களை மாடிக்கு அனுப்பினார். மாடியில் வாடிக்கையாளர்களுக்காக ஒரு கண்ணாடி அறை. ஒரு மணி நேரம் கழித்து, கையைத் துடைத்தபடி அவர் மேலே வந்தார். நேராக என்னிடம் வந்து குனிந்து, குரலைத் தாழ்த்தி, "சாரே, ஒரு மினிட் கீழ வரணும். வண்டிகிட்ட நின்னு பேசலாம்" என்றார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. தனியாகக் கூப்பிட்டு ஏதோ மழுப்பப் பார்க்கிறார் என்று நினைத்தேன். "எதுவா இருந்தாலும் இங்கேயே சொல்லலாம்" என்றேன், பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படியான குரலில்.

அவர் மருமகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி, "ஒண்ணுமில்ல சார். கனெக்டர் எல்லாம் பச்சை பிடிச்சுக் கிடக்கு. உப்புத் தண்ணி பட்டாத்தான் அப்படி ஆகும். வீட்டுல யாராச்சும் தெரியாம…" என்றார்.

உப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் அந்த முடிச்சு எனக்கு நினைவுக்கு வந்ததா என்று என் மகன் பிற்பாடு கேட்டான். வந்தது. ஒரே ஒரு நொடி, சிவப்புத் துணியும் விரலில் பட்ட ஈரமும் கண்முன் வந்தன. அடுத்த நொடி அதை விழுங்கும்படியாக நான் கத்த ஆரம்பித்தேன்.

"யார்கிட்ட என்ன பேசறே? நான் யார் தெரியுமா? முப்பத்துநாலு வருஷம் பௌதிகம் சொல்லிக் கொடுத்தவன்கிட்ட கரன்ட் பாடம் எடுக்கறியா? நீ வண்டியைக் கழுவறேன்னு உள்ளே தண்ணியை விட்டுட்டு, எங்காத்து மேல பழியைப் போடறியா?"

அதுவரை அவரை நான் 'நீங்க' என்றுதான் சொல்லிவந்தேன். அன்று அத்தனை பேர் முன்னால் 'நீ' என்றேன். மருமகள் என் கையைப் பிடித்து, "அப்பா, போறும், விடுங்கோ" என்றாள். அவர் "செரி சார்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து கடிதம் எழுதினேன். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். சர்வீஸ் மேனேஜருக்கும், ஷோரூம் முதலாளிக்கும், கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கும். கல்லூரியில் இருந்த காலத்திலேயே என் கடிதங்களுக்கு ஒரு பெயர் உண்டு. பல்கலைக்கழகத்துக்கு எது எழுதுவதென்றாலும் முதல்வர் என்னைத்தான் கூப்பிடுவார். அந்தத் திறமை முழுவதையும் இதில் இறக்கினேன். கடலோரத்துக் கிணற்றுநீரில் உப்பு அதிகம் என்றும், அந்த நீரால் வண்டி கழுவப்பட்டபோது பயிற்சியில்லாத ஓர் ஊழியரின் கவனக்குறைவால் அது மின்இணைப்புகளுக்குள் புகுந்தது என்றும், உப்புநீரும் மின்னோட்டமும் சேர்ந்து செம்பை அரிக்கும் விதத்தையும் வரிசையாக எழுதினேன். காரணம் உப்பு என்பதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்பது மட்டும் பொய். ஊழியரின் பெயரை மூன்று இடங்களில் எழுதினேன்.

ஒரு வாரத்தில் மேனேஜர் போன் செய்தார். வருத்தம் தெரிவித்தார். வயரிங் முழுவதையும் வாரண்டியில் இலவசமாக மாற்றித் தருவதாகச் சொன்னார். "அந்த ஆளை நிறுத்திட்டோம் சார். போகும்போது என்னென்னவோ சொல்லிட்டுப் போறான். நாங்க காதுல போட்டுக்கல" என்றார். என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. வயரிங் மாற்றினார்கள். வண்டி சொன்னபடி கேட்டது. மகன் அந்தக் கடிதத்தைத் தன் நண்பர்களுக்கெல்லாம் அனுப்பி, "எங்கப்பா லெட்டர்னா லெட்டர்தான்" என்று பெருமையடித்தான்.

ஆடி அமாவாசை வந்தது. காலையில் சங்குமுகம் கடற்கரையில் தர்ப்பணம் முடித்து வந்து, மகனும் மருமகளும் உள்ளே இருந்த நேரம் பார்த்துப் புது முடிச்சோடு வண்டிக்குப் போனேன். சில்லறைத் தட்டை இழுத்துவிட்டுக் கையை விட்டேன். பொந்து காலியாக இருந்தது.

இருக்கைக்கு அடியிலும் கதவுப் பைகளிலும் தேடினேன். கடைசியில், முன்னாலிருக்கும் பெட்டியில், வண்டியின் புத்தகத்துக்கு அடியில் கிடைத்தது. உதிரிப் பாகங்கள் வரும் தடித்த பிளாஸ்டிக் உறை. அதற்குள் என் இரண்டு முடிச்சுகளும் இருந்தன. உறையின் வாயை மடித்து, காற்றுப் புகாமல் டேப் ஒட்டியிருந்தது. அடியில் இரண்டு விரற்கடைக்குக் கலங்கிய தண்ணீர் தேங்கியிருந்தது. அவிழ்ந்துபோயிருந்த பழைய துணியை யாரோ மறுபடி ஒழுங்காக முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள்.

அந்தப் போனக்காட்டுக்காரர் இதைப் பார்த்திருக்கிறார். வைத்தது யார் என்றும் ஊகித்திருக்கிறார். அதைத் தனியாகச் சொல்லத்தான் கீழே கூப்பிட்டிருக்கிறார். மருமகள் முன்னால் என் மானம் போகக்கூடாது என்றுதான் தயங்கியிருக்கிறார். எடுத்து எறியாமல், வயர் இல்லாத இடமாகப் பார்த்துப் பத்திரமாக வைத்திருக்கிறார். அப்படிப்பட்ட மனிதரைத்தான் நான் மூன்று இடங்களில் பெயர் எழுதி வேலையை விட்டு நீக்கியிருக்கிறேன்.

அன்றே நான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டிய தேவை இருந்திருக்காது. சொல்லவில்லை. உறையையும் கையிலிருந்த புது முடிச்சையும் எடுத்துப் போய்க் கொல்லைப்புறத்தில் கொட்டிக் கழுவினேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, விசேஷச் சமையல் சாப்பிட்டேன். ஒரு மாதத்துக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு வேறு வேலை கிடைத்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கைத்தொழில் தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான் என்றும் சொல்லிக்கொண்டேன்.

ஓணத்துக்கு முந்தின வாரம் மருமகள் வண்டியைச் சாதாரண சர்வீஸுக்குக் கொண்டுபோய் எடுத்து வந்தாள். சாப்பிடும்போது, "அந்தப் போனக்காட்டுக்காரர் போனதுலேர்ந்து அங்கே எலக்ட்ரிகல் பார்க்க ஒழுங்கா ஆளே இல்லையாம். ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணு சொன்னா. பாவம், இந்த ஓணத்துக்குப் பெர்மனென்ட் ஆகவேண்டியவர். வேற ஷோரூம்ல கேட்டாராம், இங்கே போன் பண்ணி விசாரிச்சுட்டு வேண்டாம்னுட்டாளாம்" என்றாள். பிறகு என்னைப் பார்க்காமலே, "அப்பா, நீங்க கொஞ்சம் ஜாஸ்தியா எழுதிட்டேளோன்னு எனக்கு அப்பவே தோணித்து" என்றாள்.

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். மறுநாள் நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிழக்கேகோட்டைக்கு நடந்து போய் விதுரா பஸ் ஏறினேன். மருமகளைக் கேட்டால் கொண்டுபோய் விடுவாள், ஆனால் அந்த வண்டியில் போக மனம் வரவில்லை. பஸ் படியில் ஏற முழங்கால் உயிரை எடுத்தது. எடுக்கட்டும் என்றுதான் இருந்தது.

விதுராச் சந்தையில் இரண்டு பேரிடம் கேட்டதுமே இடம் தெரிந்துவிட்டது. தகரக் கூரை போட்ட ஒரு ஜீப் ஒர்க்‌ஷாப். ஒரு பழைய ஜீப்பின் ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டுக் கால் இரண்டையும் வெளியே நீட்டிப் படுத்து அவர் வேலை செய்துகொண்டிருந்தார். என் குரல் கேட்டு வெளியே வந்தவர், என்னையும் என் பின்னால் ரோட்டையும் பார்த்தார்.

"சார் பஸ்லயா வந்தீங்க? வண்டி மறுபடியும் படுத்துருச்சா?"

"வண்டி நன்னா இருக்கு. நான்தான் சரியில்லை. அந்த உப்பு முடிச்சை வெச்சது நான்" என்றேன். வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும் சார்" என்றார்.

அதற்குள் ஒர்க்‌ஷாப் முதலாளி, பனியனும் கைலியுமாக ஒரு மலையாளி, டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தவர் நின்று, "இதாணோ ஆ உப்பு மாஷ்?" என்று அவரிடம் கேட்டார். மாஷ் என்றால் அங்கே வாத்தியார்; இவர்தானா அந்த உப்பு வாத்தியார் என்று கேட்கிறார். அந்தக் கடையில் எனக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. கடைப் பையன்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. முதலாளியைப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிட்டு, எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"தெரிஞ்சும் ஏன் மேனேஜர்கிட்ட சொல்லலை?" என்று கேட்டேன்.

"சொல்லாம என்ன? போகச் சொன்ன அன்னைக்குச் சொன்னேன். அவரு சிரிச்சாரு. அந்த சார் ஃபிசிக்ஸ் புரொபசர்டா, அவரு போய் வண்டிக்குள்ள உப்பு முடிஞ்சு வைப்பாரான்னு கேட்டாரு. நீ வேற கதை சொல்லுன்னாரு."

"போட்டோ எடுத்திருக்கலாமே."

"சாமி காரியம்னு நினைச்சேன் சார். அதைப் போய் போட்டோ எடுக்கவா? எங்க வீட்டு வாசல்லயும் கட்டித் தொங்கவிட்டிருக்கோம். அதுல என்ன வெட்கம்? வயர் பக்கத்துல வைக்கக் கூடாது, அம்புட்டுத்தான். அதைச் சொல்லத்தான் கீழ கூப்பிட்டேன்."

நான் கையைக் கூப்பினேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் பதறிப்போய்க் கையைப் பிடிக்கவோ சமாதானம் சொல்லவோ இல்லை. டீ வாங்கிவரச் சொன்னார். டீ வந்து நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு, "சார், மன்னிப்பெல்லாம் எனக்கு வேண்டாம். லெட்டர் எழுதுங்க. முதல் லெட்டர் யார் யாருக்குப் போச்சோ அத்தனை பேருக்கும். அதுல என் பேரு மூணு எடத்துல இருந்துச்சு, மேனேஜர் காட்டினாரு. இதுலயும் இருக்கணும். பேரு கெட்டுப் போனா சிட்டியில எந்த ஷோரூம்லயும் கேட்டுக்குள்ள விட மாட்டான்" என்றார்.

"வண்டியில வேற ஏதும் பார்க்கணும்னா உங்ககிட்டயே கொண்டுவரச் சொல்றேன்" என்றேன். ஏதாவது நல்லது செய்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் வந்த பேச்சு.

"அந்த வண்டி மட்டும் வேண்டாம் சார். வாரண்டி இருக்கும்போது வெளியாள் தொட்டா தகராறு வரும். அப்புறம் நீங்க இன்னொரு லெட்டர் எழுத வேண்டி வரும்" என்றார். இந்த முறை அவரும் சிரித்தார், கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அன்று சாயங்காலம் மகனையும் மருமகளையும் உட்கார வைத்துச் சொன்னேன். உப்பு முடிச்சு என்றதும் மருமகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்பா! நீங்களா! மிளகாயோட அலைநீளம்னு அம்மாவைக் கேலி பண்ணின நீங்களா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மீதியைச் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. கடைசியில் எழுந்து உள்ளே போய்விட்டாள். மகன், "அவர் உப்புன்னு சொன்னப்போ உங்களுக்கு ஞாபகம் வந்துதாப்பா?" என்று கேட்டான். வந்தது என்றேன். அவன் முகத்தை அன்று நான் பார்த்த மாதிரி இனி ஒருநாளும் பார்க்க வேண்டாம்.

ஆனால் கடிதம் என்றதும் அவனும் தயங்கினான். "நேர்ல போய் மன்னிப்புக் கேட்டாச்சே, போறாதா? எழுதிக் கொடுத்தா எலக்ட்ரிகல் வாரண்டி மொத்தமும் போயிடும்" என்றான். அந்தத் தயக்கம் எனக்குச் சௌகரியமாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். முதல் கடிதத்தை ஒரே மூச்சில் எழுதியவனுக்கு இதை எழுத நான்கு நாள் ஆனது. முதல் வரைவில், வண்டிக்குள் உப்பு வைக்கப்பட்டிருந்தது பின்னர் தெரியவந்தது என்று எழுதியிருந்தேன். மருமகள் படித்துவிட்டு, "யார் வெச்சான்னு இதுல இல்லையே?" என்று சொல்லித் தாளை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். நான் வைத்தேன், அவர் கண்டுபிடித்தார், நான் பொய் சொன்னேன் என்று கடைசியில் எழுதினேன். அவர் பெயரை மூன்று இடங்களில் எழுதினேன். மகன் தானே கொண்டுபோய் எல்லோருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினான்.

முதல் கடிதத்துக்கு ஒரு வாரத்தில் ஒரு மனிதரின் வேலை போனது. இரண்டாவது கடிதத்துக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து இன்றுவரை பதில் இல்லை. மேனேஜர் மட்டும் போன் செய்து, "எதுக்கு சார் இதெல்லாம்? அந்த இடத்துக்கு ஆள் போட்டாச்சே" என்றார். நான் விடவில்லை. நேரில் போனேன். மறுபடி போனேன். மூன்றாவது தடவை போனபோது, இனி யாராவது விசாரித்தால் அவர்மேல் குறை ஒன்றும் இல்லை என்று சொல்வதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதையும் என் கடிதத்தின் நகலையும் விதுராவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துவிட்டு நின்றபடியே முழுவதும் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நன்றி என்றோ பரவாயில்லை என்றோ சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

தை மாதம் அவருக்கு நகரத்திலேயே வேறொரு சர்வீஸ் சென்டரில் வேலை கிடைத்தது. மருமகளுக்குத்தான் போன் செய்து சொன்னார். ஆனால் அங்கேயும் முதலில் மூன்று வருடம் தற்காலிகம். பழைய இடத்தில் வேலை பார்த்த வருடங்கள் கணக்கில் வராது. ஆகவே அவர் மனைவியும் மகளும் இன்னும் மலைமேல் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். மகளின் படிப்பும் அங்கிருந்து பஸ்ஸில் வந்து போய்த்தான் நடக்கிறது.

தெரியாமல் நடந்த தவறுதானே, திருத்தியும் ஆகிவிட்டதே என்று கேள்விப்பட்டவர்கள் என்னைத் தேற்றுகிறார்கள். எனக்குத் தெரிந்துதான் நடந்தது, முழுதும் திருத்தவும் முடியவில்லை என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் விதுராவிலிருந்து போனக்காட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவர் பையோடு ஏறி உட்கார்ந்திருப்பார் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. குடும்பத்தைப் பார்க்க அவர் அந்தப் பஸ்ஸில் ஏற வேண்டிய தேவை இல்லாமல் போகும் நாள்வரை, என் தவறு முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எனக்கு இல்லை.